தள்ளிவிட ஆள் வேண்டாம்

எங்கள் வண்டியைத் தள்ளிவிட்டவர்களில் மோசமானவர் என்று யாருமில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கருவேப்பிலங்குறிச்சி கூட்டுரோட்டில், விருத்தாசலம் கடைவீதியில், ஒருமுறை வெள்ளாற்றுப் பாலத்தின்மேல், டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து தள்ளியிருக்கிறார்கள். இரண்டாவது கியரில் போட்டுக் கிளட்ச்சை விடுவேன். ஒரு குலுக்கலோடு வண்டி உயிர்பெறும். "ரைட்டு, போம்மா" என்று பின்னால் தட்டுவார்கள்.

ஆனால் தள்ளுவதற்கு முன்னால் கேள்விகள் உண்டு. "ஊட்ல ஆம்பள யாரும் இல்லியா?" "இந்நேரத்துக்கு எங்க போற?" "நீ யாரு பொண்ணு?" பதில் சொல்லாமல் வண்டி நகராது. முப்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் நின்று பேசுகிறவள் நான். கூட்டுரோட்டில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, எங்கே போகிறேன், ஏன் போகிறேன், எப்போது திரும்புவேன் என்று வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். உதவியை வாங்கிக்கொண்டு கேள்வியை மறுக்க எனக்குத் தெரியவில்லை.

வண்டி அப்பாவுடையது. பிரீமியர் பத்மினி. ஃபியட் 1100 என்ற இத்தாலிய வண்டிக்கு 1974-ல் சூட்டிய இந்தியப் பெயர் அது. ஜாயசியின் 'பத்மாவத்' காவியத்தில் தீயில் இறங்குகிற சித்தூர் அரசியின் பெயர். பம்பாயில் டாக்சியாக ஓடிய கடைசி பத்மினிகள் 2023 அக்டோபரோடு ஓய்வுபெற்றன. எங்களுடையது ஓய்வுபெறவில்லை. சூட்டில் மட்டும் மக்கர் செய்யும். காலையில் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகும். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடி நின்றபின் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

போன சித்திரையில் ஓர் இரவு அம்மாவுக்கு மூச்சிரைப்பு. விருத்தாசலம் போகும் வழியில் மருந்துக்கடை ஒன்றில் இரண்டு நிமிடம் நிறுத்தினேன். அந்த இரண்டு நிமிடம் போதுமாக இருந்தது. தெருவில் தள்ள ஆளில்லை. அம்மா இருமிக்கொண்டே, "நான் எறங்கித் தள்ளவா பாப்பா?" என்றார். பைக்கில் வந்த இரண்டு பையன்கள் நின்று தள்ளினார்கள். அன்று அவர்கள் வராமலிருந்தால் என்ற நினைப்பு இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை.

மறுநாள் சென்னையிலிருந்து தம்பி, "வித்துடுக்கா. ஆட்டோ வச்சிக்க" என்றான். மெக்கானிக் ஒருவர், "சாரை ஒருதரம் வரச்சொல்லுங்க மேடம், பேசிக்கிறோம்" என்றார். சார் என்று யாரும் இல்லை என்றேன். "அப்ப தம்பிய" என்றார். இரண்டு பேட்டரி மாற்றியவர் அவர்தான். ஒவ்வொன்றும் ஒன்றரை வருடம்கூடத் தாங்கவில்லை.

மூன்றாவதாகப் போன இடத்தில் ஒரு வயதான எலெக்ட்ரீஷியன். அவர் யாரையும் வரச்சொல்லவில்லை. மல்டிமீட்டரை என் கையில் கொடுத்து, "நீங்க அளங்க டீச்சர், நான் சாவியத் திருப்புறேன்" என்றார். பேட்டரி முனைகளில் வைத்தேன். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 10.6 வோல்ட். ஸ்டார்ட்டர் மோட்டாரில் வைத்தேன். 8.8. நடுவில் 1.8 வோல்ட் காணாமல் போயிருந்தது.

"பேட்டரி மேல தப்பில்ல. வழியிலதான் தப்பு" என்றார். ஒயரின் முனையைக் கழற்றினால் செம்பில் பச்சையாகக் களிம்பு. இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை துருவேறி நூலாகியிருந்தது. சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலத்துக்குச் செம்பில் களிம்பை உவமை சொல்வார்கள். எத்தனையோ வருடம் அதைப் பாடமாக நடத்தியிருக்கிறேன். களிம்பைக் கையால் தொட்டுப் பார்த்தது அன்றுதான். சூடேறினால் செம்பின் தடை இன்னும் கூடும். சூட்டில் வண்டி கிளம்பாததற்குக் காரணம் அதுவே. மாற்றிய பேட்டரிகள் எல்லாம் செய்யாத குற்றத்துக்குத் தண்டனை பெற்றவை.

பேட்டரி சீக்கிரம் சாவதற்கு வேறு காரணம் இருந்தது. போனட்டுக்குள் இன்ஜின் வெக்கை. சூடு பத்து டிகிரி ஏற ஏற ஈய-அமில பேட்டரியின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். அதை வைக்கும் இரும்புத் தட்டும் ஆசிட் பட்டு அரித்துப்போயிருந்தது. "டிக்கிக்கு மாத்திடலாம். ஆனா அதே ஒயர நீட்டிவிட்டா இப்ப இருக்கிறதவிட மோசமாயிடும்" என்றார்.

வீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஸ்டார்ட்டர் இழுப்பது 150 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், 16 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் 5 மீட்டர் நீளத்தில் 0.8 வோல்ட்டைத் தின்றுவிடும். 50 சதுர மில்லிமீட்டர் என்றால் கால் வோல்ட்தான். தூரம் கூடினால் பாதை தடிக்க வேண்டும். ஊர்விட்டு ஊர் வந்த மருமகளும், முதல்முறை பதவிக்கு வந்த ஊராட்சித் தலைவியும் ஞாபகத்துக்கு வந்தார்கள். இடத்தை மாற்றிக் கொடுத்துவிட்டு, பழைய மெல்லிய கம்பியையே விட்டுவைத்து, 'இவளால் முடியவில்லை' என்கிறோம்.

ஸ்டார்ட்டர் மோட்டாருக்கும் ஒரு கதை உண்டு. அதற்குமுன் இரும்புக் கைப்பிடியை முன்னால் செருகிச் சுற்ற வேண்டும். எதிர்த்து உதைத்தால் கை முறியும். நின்றுபோன ஒரு பெண்ணின் காருக்குக் கைப்பிடி சுற்றப்போன பைரன் கார்ட்டர் என்பவர் தாடையில் அடிபட்டுப் பின்னர் இறந்தார் என்றும், அதைக் கேட்டு வருந்திய காடிலாக் நிறுவனத் தலைவர் ஹென்றி லேலண்ட்தான் சார்லஸ் கெட்டரிங்கிடம் மாற்று கேட்டார் என்றும் சொல்லப்படுகிறது. 1912 மாடல் காடிலாக்கில் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. உடனே அதைப் 'பெண்களுக்கான வசதி' என்று விளம்பரப்படுத்தினார்கள். கை முறிந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். வசதியை அனுபவித்ததும் அவர்கள்தான். பலவீனம் மட்டும் நம் பெயரில் பதிவானது.

வேலை இரண்டு நாள் நடந்தது. முதலில் நெகட்டிவைக் கழற்ற வேண்டும், கடைசியில்தான் மாட்ட வேண்டும் என்று கற்றேன். டிக்கியில் பேட்டரிக்கு மூடியுள்ள பெட்டி. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், பெட்ரோல் டேங்கும் பின்பக்கம்தான். அதனால் பெட்டியிலிருந்து தரைக்கு வெளியே ஒரு குழாய். பேட்டரி அசையாமல் பட்டை போட்டு இறுக்கினோம். தகரத்தைத் துளைத்து ஒயர் போகும் இடமெல்லாம் ரப்பர் வளையம். பாடியில் பெயிண்ட்டைச் சுரண்டிப் பளபளவென்ற இரும்பில் எர்த் கொடுத்தோம். இன்ஜினுக்குப் புதுப் பட்டை. சாவி நேராக சொலினாய்டைத் தூக்கவேண்டிய சுமையை ஒரு ரிலே எடுத்துக்கொண்டது. சாவி இனி உத்தரவு மட்டும் கொடுத்தால் போதும். பேட்டரி நீங்கலாகச் செலவு 9,000 ரூபாய்க்குள்.

கடைசியாக ஃபியூஸ். பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும் என்றார். நீளமான ஒயர் எங்காவது உரசித் தகரத்தைத் தொட்டால் வண்டியே எரியும். அந்த ஃபியூஸைக் கையில் வாங்கியபோது எங்கள் தெரு அக்கா ஒருவர் நினைவுக்கு வந்தார். விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் ஃபியூஸ் கட்டைகளுக்குப் பிசிறு தட்டும் வேலை அவருக்கு. விரல்களில் எப்போதும் வெள்ளைத் தூள் இருக்கும். அவர் வீட்டில் ஃபியூஸ் போனால், புருஷன் வரும்வரை இருட்டிலேயே உட்கார்ந்திருப்பார். "அதெல்லாம் நமக்கெதுக்கு பாப்பா, ஷாக் அடிக்கும்" என்பார். அவர் கை படாத ஃபியூஸ் கட்டை எங்கள் தெருவில் எத்தனை வீட்டில் இருந்திருக்கும்?

ஒயரை முடுக்கியபின் மறுபடி அளந்தேன். ஸ்டார்ட்டரில் 10.1 வோல்ட். பெரியவர் தலையாட்டினார். பாராட்டெல்லாம் சொல்லவில்லை.

போன வாரம் அம்மாவோடு மருத்துவமனை போய்த் திரும்பும்போது, கூட்டுரோட்டு டீக்கடை எதிரில் வேண்டுமென்றே இன்ஜினை அணைத்தேன். நல்ல வெயில். இரண்டு டீ வாங்கி வந்து, வண்டிக்குள்ளேயே குடித்தோம். கிளாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தபோது, பெஞ்சிலிருந்த ஒருவர் பழக்கத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். சாவியைத் திருப்பினேன். அவர் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். நான் கையசைத்தேன், அவரும் அசைத்தார்.

"எங்க போறன்னு இன்னிக்கு யாரும் கேக்கலியே?" என்றார் அம்மா.