புதுப் படகும் பழைய கடலும்

மயிலைக் கலங்கரை விளக்கத்தின் அடியிலிருந்து தெற்கு நோக்கி நடப்பவர், சென்னை மாநகரின் நெரிசலுக்கு மிக அருகிலேயே வேறொரு வாழ்க்கை நடைபெறுவதைக் காண்பார். நொச்சிக்குப்பம், டுமிங்குப்பம், பட்டினப்பாக்கம், சீனிவாசபுரம் என்று மீனவர் குடியிருப்புகள் அடையாற்றின் முகம் வரை தொடர்கின்றன. ஆற்றுக்கு அப்பால் ஊரூர்க் குப்பமும் ஆல்காட் குப்பமும் உள்ளன. முன்னாளில் இம்மணற்பரப்பில் கட்டுமரங்களே நிறைந்து கிடந்தன. இன்று அவை அருகிவிட்டன. அவற்றின் இடத்தில் வண்ணம் பூசிய ஃபைபர் படகுகள், பின்புறத்தில் எஞ்சினைத் தூக்கி நிறுத்தியவாறு, வரிசையாகக் கிடக்கின்றன.

கடற்கரைப் பங்குகளில் புதுப் படகு வருவது ஒரு திருநாள். உற்றார் உறவினர் கூடுவர். அணியத்தில் மாலை சூட்டுவர். படகை மந்திரிக்க நம்மை அழைப்பர். தீர்த்தம் தெளித்து, செபம் சொல்லி, சர்க்கரையும் வாழைப்பழமும் பகிர்ந்துண்டபின், அந்த வீட்டுத் தாயின் முகத்தை நாம் பார்ப்பதுண்டு. மகிழ்ச்சியோடு ஓர் அச்சமும் அங்கே தெரியும். அடகு வைத்த நகையும் வாங்கிய கடனும் அந்தப் படகில் இருக்கின்றன. கணவனும் மகனும் அதில்தான் ஏறப்போகிறார்கள். முதன்முறையாக எஞ்சின் படகுக்கு உரிமை பெறும் இத்தகைய குடும்பங்களுக்குச் சில சொற்களைச் சொல்ல விரும்புகிறோம். காற்று வாங்க மட்டும் கடற்கரைக்கு வரும் நகரத்துக் குடும்பங்களும் இவற்றை அறிந்துகொள்வது நன்று.

முதலில் ஓர் உண்மையை மனத்தில் இருத்த வேண்டும். கட்டுமரம் மூழ்காது, படகு மூழ்கும். கட்டுமரம் என்பது சேர்த்துக் கட்டிய மரங்களேயன்றி வேறில்லை. அலை அதன்மேல் ஏறினால் நீர் இடுக்குகளின் வழியே வடிந்துவிடும். கவிழ்ந்தால் புரட்டிப் போட்டு ஏறிக்கொள்ளலாம். அதை ஓட்டுவது கையும் பாயுமாதலால், மனிதனின் தோள் எவ்வளவு தூரம் தாங்குமோ, காற்று எவ்வளவு தூரம் துணை செய்யுமோ, அவ்வளவு தூரமே அது சென்றது. படகோ ஒரு கிண்ணம். உள்ளே புகுந்த நீர் தானாக வெளியேறாது. எஞ்சினோ நம்மை நம் தோள்வலிமைக்கு அப்பால் கொண்டுபோய் விடுகிறது. பாண்டி பஜாரில் கார் நின்றுபோனால் ஓரமாகத் தள்ளிவிட்டு ஆட்டோவில் வீடு சேரலாம். கரை கண்ணுக்கு மறைந்த இடத்தில் எஞ்சின் நின்றால் எதில் ஏறி வருவது? போவதற்கு எஞ்சின் போதும். திரும்பி வருவதற்கு நாமே ஆயத்தம் செய்துகொள்ள வேண்டும். நாம் கூறப்போகும் அறிவுரைகள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்தே பிறக்கின்றன.

இந்தக் கரையின் பழைய நினைவுச் சின்னங்களும் திரும்பி வருதலைப் பற்றியே பேசுகின்றன. மயிலாப்பூரின் உட்புறத்தில், காட்டுக்கோயில் என மக்கள் அழைக்கும் லஸ் ஆலயம், கடலில் திசை தடுமாறிய போர்த்துக்கீசிய மாலுமிகளுக்கு ஓர் ஒளி கரைகாட்டியது என்னும் மரபோடு இணைந்தது. அங்குள்ள கல்வெட்டு 1516-ஆம் ஆண்டைக் குறிக்கிறது. லஸ் என்ற சொல்லுக்கே போர்த்துக்கீசிய மொழியில் ஒளி என்று பொருள். 1896-இல் எழுந்த இன்றைய சாந்தோம் பேராலயத்தின் பின்புறம், கடலை நோக்கி நிற்கும் மரக்கம்பத்தைத் தோமையார் நாட்டியதாகவும், கடல் அதைத் தாண்டாது என்றும் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். நம் முன்னோர் கடலை நேசித்தார்கள். அதே அளவு அதற்கு அஞ்சவும் செய்தார்கள். அந்த அச்சம் கோழைத்தனம் அன்று, அது அறிவு.

சாந்தோமிலிருந்து சற்று மேற்கே அபிராமபுரத்தில் புனித மரியா சாலை உள்ளது. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 1979-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்கக் கடல் திட்டம் அச்சாலையில் நெடுங்காலம் இயங்கியது. துறைமுகம் இல்லாத மணற்கரையில், அலையைக் கடந்து ஏறி இறங்கத்தக்க சிறு படகுகளை உருவாக்க அதன் வல்லுநர்கள் முயன்றார்கள். அதே காலத்தில் குமரி மாவட்டத்து முட்டத்தில், பெல்ஜியம் நாட்டிலிருந்து வந்த பியேர் ஜில்லே ஒட்டுப்பலகைப் படகுகளைக் கட்டும் பணியில் ஈடுபட்டிருந்தார். சிறு படகைச் செம்மையாகக் கட்டுவது பெரிய கப்பலைக் கட்டுவதைப் போலவே கடினம் என்பது இம்முயற்சிகள் தந்த பாடம்.

அந்தப் பாடத்தை மறந்ததன் விளைவை 2004 டிசம்பர் 26-ஆம் நாள் சுனாமிக்குப் பின் கண்டோம். உதவியாக வந்த ஃபைபர் படகுகளுள் பல, அவசரத்தில், தரம் குன்றிக் கட்டப்பட்டவை. எனவே படகு வாங்குவோர் நிறத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். படகின் உடலை விரற்கணுவால் தட்டிப் பாருங்கள். எங்கும் ஒரே சீராக ஒலிக்க வேண்டும்; ஓரிடத்தில் மட்டும் மந்தமாக ஒலித்தால் அங்கே இழை அடுக்குகள் ஒட்டவில்லை என்று பொருள். எஞ்சின் பொருத்தும் பின்பலகையை நன்றாக நோக்குங்கள். அதனுள்ளே மரம் இருக்குமாயின், திருகாணித் துளைகளின் வழியே நீர் இறங்கி உள்ளுக்குள் மக்கச் செய்யும். துளைகள் பிசினால் அடைபட்டிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நீர் நிறைந்தாலும் படகு மிதக்குமாறு நீர் புகாத நுரைப்பொருள் அடைத்த அறைகள் உள்ளனவா என்று கட்டுபவரிடம் கேளுங்கள். உண்டு என்றால், கரையோரத்து அமைதியான நீரில் படகை நிரப்பிக் காட்டச் சொல்லுங்கள். கட்டுமரம் இயல்பாகக் கொடுத்த காப்பைப் படகில் கேட்டுத்தான் பெற வேண்டும்.

சீனிவாசபுரத்து மணலில் மாலைவேளையில் எஞ்சின் பழுது பார்ப்போரைக் காணலாம். அவர்களோடு சிறிது நேரம் பேசினால், எஞ்சினைக் கொல்வது உழைப்பு அன்று, உப்பு என்பது விளங்கும். கடல்நீரை உறிஞ்சித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் எஞ்சினுக்குள் உப்பு படிந்து, நீர் செல்லும் வழியை அடைத்துவிடும். ஆதலால் ஒவ்வொரு நாளும் கரை சேர்ந்தபின், ஒரு பீப்பாய் நல்ல தண்ணீரில் எஞ்சினின் கீழ்ப்பகுதியை அமிழ்த்திச் சில நிமிடம் ஓடவிட வேண்டும். ஓடும் எஞ்சினின் பக்கத்திலிருந்து நீர் மெல்லிய தாரையாகப் பீய்ச்சிக்கொண்டிருக்கும். அந்தத் தாரை நின்றால் எஞ்சினை உடனே நிறுத்துங்கள். கியர் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்துவிட்டது. கீழ்ப்பகுதியில் பொருத்தியுள்ள துத்தநாகத் துண்டு, தான் அரிபட்டு எஞ்சினைக் காக்கிறது. அது தேய்ந்ததும் மாற்றுங்கள். அதன்மேல் பெயிண்டு அடிக்காதீர்கள். புது எஞ்சினை முதல் பத்து மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டலாகாது. எண்ணெயை எந்த அளவில் எரிபொருளோடு கலப்பது என்பதில் பக்கத்து வீட்டாரின் கைக்கணக்கை நம்பாமல், எஞ்சினோடு வந்த கையேட்டையே பின்பற்றுங்கள். பள்ளியில் படிக்கும் மகளோ மகனோ அதை உரக்கப் படித்துச் சொல்லட்டும்.

பட்டினப்பாக்கத்தின் தெற்கெல்லையில் அடையாறு கடலோடு கலக்கிறது. 1967-இல் கட்டப்பட்டு 1977-இல் வெள்ளத்தால் உடைந்த பாலம் இன்றும் நடுவே அறுந்து நிற்கிறது. மறுகரைக்குப் போக விரும்புவோர் திரு.வி.க. பாலத்தைச் சுற்றித்தான் செல்ல வேண்டும். இந்த முகத்துவாரத்தில் மணல்திட்டு ஓயாமல் இடம் மாறும். நேற்று ஆழமாயிருந்த வழி இன்று தூர்ந்திருக்கும். திட்டின்மேல் அலை திடீரென்று எழுந்து உடையும். அலை உடையும் இடத்தில்தான் பெரும்பாலான படகுகள் கவிழ்கின்றன. புறப்படும்போது சற்றுப் பொறுத்து அலைகளின் முறையைக் கவனியுங்கள். பெரிய அலைகள் சில வந்தபின் சிறிது ஓய்வு வரும். அப்போது அணியத்தை நேராக அலைக்குக் கொடுத்துக் கடந்துவிட வேண்டும். திரும்பும்போது அலையின் முன்னே ஓடாமல், அதன் முதுகின்மேல், பின்தொடர்ந்தே வர வேண்டும். எந்நிலையிலும் படகின் பக்கவாட்டை அலைக்குக் காட்டலாகாது. ஓட்டுபவர் தவறி விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிறு ஒன்று உண்டு. அதைக் கையில் கட்டிக்கொள்வதை அவமானமாக எண்ணும் இளைஞரைக் காண்கிறோம். ஆளில்லாமல் சுழலும் படகின் விசிறி, நீரில் விழுந்தவனை நோக்கியே திரும்பிவரக் கூடும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பார்களாக.

எரிபொருளுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு எதிர்பாராததற்கு. மீன் மிகுதியாகக் கிடைக்கிறதே என்று மூன்றாம் பங்கில் கைவைப்பவன் தன் வீட்டாரின் அமைதியை எரிக்கிறான். வேகத்தைச் சிறிது குறைத்தால் எரிபொருள் பெரிதும் மிஞ்சும். அடிப்பாகத்தில் ஒட்டும் பாசியையும் சிப்பியையும் சுரண்டிவிட்டால் மேலும் மிஞ்சும். எஞ்சின் இருக்கிறது என்பதற்காகத் துடுப்பையும் பாயையும் நங்கூரத்தையும் கரையில் விட்டுப் போகாதீர்கள். மாற்று ஸ்பார்க் பிளக், கருவிகள், நீர் இறைக்கும் வாளி, குடிதண்ணீர் ஆகியவை படகைவிட்டு இறங்கவே கூடாது.

வானிலையைப் பற்றி நம் மீனவருக்கு நாம் கற்பிக்க வேண்டுவதில்லை. வாடையும் தென்றலும் கொண்டலும் வீசும் பருவத்தை அவர்கள் நன்கு அறிவர். ஆயினும் கரையருகே போதுமாயிருந்த அறிவு தொலைவில் போதாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக் கடலைத் தாக்கியபோது, எச்சரிக்கை வெளியாகுமுன்னரே பலர் ஆழ்கடலில் இருந்தார்கள். அவர்களுக்குச் செய்தி எட்டவில்லை. தூத்தூர், வள்ளவிளை போன்ற ஊர்களில் எத்தனையோ குடும்பங்கள் இன்னும் அந்த நாளை அழுகையோடு நினைக்கின்றன. கைத்தொலைபேசி கரையிலிருந்து சிறிது தூரமே பேசும். எனவே, செயற்கைக்கோள் வழியாகக் கடலோரக் காவல்படைக்கு ஆபத்தை அறிவிக்கும் கருவியைப் பெறும் வழியை மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டறியுங்கள். படகின் பதிவும், உரிமமும், காப்பீடும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் உங்கள் வகைப் படகுக்கு எவ்வாறு பொருந்தும் என்பதும் அங்கேயே தெரிந்துகொள்ள வேண்டியவை. 1554 என்பது கடலோரக் காவல்படையின் எண். 1093 கடலோரக் காவல் நிலையத்தின் எண். இவ்விரண்டையும் வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். யார் யார் போனார்கள், எத்திசையில் போனார்கள், எப்போது திரும்புவதாகச் சொன்னார்கள் என்ற மூன்றையும் இல்லத்தரசி அறிந்திருக்க வேண்டும். நேரம் கடந்தால் முதலில் தேடத் தொடங்க வேண்டியவர் அவரே.

அடையாற்றைக் கடந்து பெசன்ட் நகர் மணலில் நடப்போர், வளைவுகள் கொண்ட வெண்ணிற நினைவு மண்டபம் ஒன்றைப் பார்ப்பர். 1930-இல் கடலில் மூழ்கிய ஒருவரைக் காக்கப் புகுந்து தம் உயிரை ஈந்த ஷ்மிட் என்னும் ஐரோப்பியரின் நினைவாக எழுந்தது அது. அதற்குச் சற்று வடக்கே ஆல்காட் குப்பத்துப் படகுகள் கிடக்கின்றன. தன்னைக் காத்துக்கொள்ளாதவன், தன்னைத் தேடி வருபவனையும் ஆபத்தில் ஆழ்த்துகிறான் என்பதை அந்த மண்டபம் சொல்லாமல் சொல்கிறது. நீந்தத் தெரிந்தவனுக்கு மிதவைச்சட்டை எதற்கு என்று கேட்கிறார்கள். தலையில் அடிபட்டு விழுபவனும், இரவில் குளிர்ந்த நீரில் களைத்துப் போனவனும் நீந்துவதில்லை. சட்டை படகில் கிடந்தால் போதாது; உடம்பில் இருக்க வேண்டும்.

இறுதியாகப் பணத்தைப் பற்றி ஒரு சொல். மீன் விற்ற தொகையில் ஆட்களுக்குப் பங்கு உண்டு. வலைக்கும் படகுக்கும் எஞ்சினுக்கும் பங்கு உண்டு. எஞ்சினின் பங்கை உரிமையாளர் தம் வருமானம் என்று எண்ணிவிடுகிறார். அது அன்று. அது அடுத்த எஞ்சினுக்குரிய விதை. அதைத் தனியே சேமிக்காதவர், எஞ்சின் பழுதடைந்த நாளில் வியாபாரியிடம் முன்பணம் வாங்குவார். பின்னர் அவர் சொன்ன விலைக்கே மீனைக் கொடுப்பார். படகு தம்முடையது, உழைப்பு பிறருடையது என்றாகிவிடும். வீட்டில் கணக்கு எழுதத் தெரிந்தவர் ஒருவர் ஒரு நோட்டில் நாள்தோறும் எரிபொருள், விற்பனை, பங்கு, பழுது ஆகிய நான்கையும் எழுதி வருவாராக. லூப் சாலையில் மீன் வாங்கும் நகரத்தாரும், கடைசிப் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுமுன், அந்த நோட்டை ஒருகணம் நினைத்துப் பார்ப்பார்களாக.

படகை மந்திரிக்கும்போது, இதில் ஏறுவோர் அனைவரும் நலமாகக் கரைசேர வேண்டும் என்று நாம் மன்றாடுகிறோம். அந்த மன்றாட்டு எரிபொருளை அளப்பதில்லை, சட்டையை மாட்டிவிடுவதில்லை, உப்பைக் கழுவுவதில்லை. அவற்றைச் செய்யக் கைகளைக் கடவுள் உங்களுக்குத் தந்திருக்கிறார். வானம் கறுத்த நாளில் மீன் எவ்வளவு பாய்ந்தாலும் புறப்படாமல் இருக்க அறிவையும் தந்திருக்கிறார். அன்று அடுப்பில் குழம்பு இல்லாமற் போகலாம். ஆனால் கஞ்சியைச் சுற்றி எல்லாரும் அமர்ந்திருப்பார்கள்.