இரண்டு ஒலிவாங்கிகள்

1956ஆம் ஆண்டு யூலை 7ஆம் திகதி இரவு, அமெரிக்காவின் றோட் ஐலன்ட் மாநிலத்து நியூபோர்ட் நகரில் நடைபெற்ற ஜாஸ் விழாவில் மேடையேறியபோது டியூக் எலிங்டனுக்கு வயது ஐம்பத்தேழு. 1927இல் நியூயோர்க்கின் கொட்டன் கிளப்பில் வாசிக்கத் தொடங்கிப் பெரும்புகழ் எய்திய அவரது வாத்தியக்குழு அப்போது தளர்ந்திருந்தது. பதினைந்து கலைஞருக்கு ஊதியம் கொடுத்து ஊரூராய் அழைத்துச் செல்வது எளிதன்று. அக்காலத்துப் பெரிய குழுக்கள் பல கலைந்துபோயிருந்தன. எலிங்டனின் காலம் கழிந்துவிட்டதெனக் கருதிய விமர்சகரும் இருந்தனர்.

அன்றைய இரவும் நன்றாகத் தொடங்கவில்லை. கலைஞர் சிலர் வந்து சேராத நிலையில் சில உருப்படிகளை மாத்திரம் வாசித்துவிட்டு இறங்கிய குழு, மீண்டும் மேடையேற மூன்று மணித்தியாலங்களுக்கு மேல் காத்திருந்தது. நள்ளிரவை அண்மித்த வேளை. இரசிகர் சிலர் எழுந்து செல்லத் தொடங்கியிருந்தனர். விழாவுக்கெனப் புதிதாக இயற்றிய தொகுதியை வாசித்து முடித்தபின், எலிங்டன் 1937இல் தாம் எழுதிய பழைய உருப்படியொன்றை எடுத்தார். ‘டிமினுவெண்டோ அண்ட் கிரெசெண்டோ இன் புளூ’ என்னும் அது இரு பகுதிகளாலானது. இடையிலுள்ள வெளியைத் தனிவாசிப்பால் நிரப்பும் பொறுப்பு டெனர் சக்ஸபோன் கலைஞர் போல் கொன்சால்வெஸுடையது.

புளூஸ் இசையில் ஒரு சுற்று என்பது பன்னிரண்டு தாளக்கட்டுகள். ஐந்தாறு சுற்று வாசித்து அமர்ந்திருந்தாலும் குறைசொல்வார் இல்லை. கொன்சால்வெஸ் இருபத்தேழு சுற்று வாசித்தார். கறுப்பு உடையணிந்த பெண்ணொருத்தி எழுந்து ஆடினாள், கூட்டம் ஆர்ப்பரித்தது. மேடையோரத்தில் இருந்த முதுபெரும் மேளக் கலைஞர் ஜோ ஜோன்ஸ், சுருட்டிய செய்தித்தாளால் தாளம் தட்டிக் குழுவுக்கு ஊக்கமூட்டினார். கலவரம் மூளுமோ என அமைப்பாளர் அஞ்சினர். எலிங்டனோ பியானோவில் இருந்தபடி உரத்த குரலில் கொன்சால்வெஸை உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தார். ஆகஸ்டில் ‘டைம்’ சஞ்சிகையின் அட்டையில் அவர் படம் வெளிவந்தது. தாம் பிறந்ததே 1956இல் நியூபோர்ட்டில்தான் என்று அவர் பின்னாளில் சொல்லிக்கொள்வதுண்டு.

அவ்வாண்டே கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட ‘எலிங்டன் அட் நியூபோர்ட்’ என்னும் இசைத்தட்டு, அவருடைய தட்டுகளுள் மிகுதியாக விற்பனையானது. ஆயினும் அதில் உள்ளது அந்த இரவு முழுவதும் அன்று. புதிய தொகுதி போதிய ஒத்திகையின்றி வாசிக்கப்பட்டமையால், இரண்டு நாள் கழித்து யூலை 9ஆம் திகதி நியூயோர்க்கில் ஒலிப்பதிவுக் கலையகத்தில் அது மீண்டும் பதிவுசெய்யப்பட்டது. அப்பதிவுடன் கைதட்டல் ஒலியும் இணைக்கப்பட்டது. தன் படைப்பு பிழையற ஒலிக்கவேண்டுமென இயற்றியவன் விரும்புவதிற் குற்றமில்லை. ஆனால், அங்கே இருந்திராத சபையின் கைதட்டலை ஒட்டிவைத்தமை வேறு விடயம். அது கேட்போனை ஏய்ப்பதாகும்.

கொன்சால்வெஸின் தனிவாசிப்பை மாத்திரம் எவராலும் திரும்பச் செய்ய இயலவில்லை. தட்டில் இடம்பெற்றது அன்றிரவு வாசித்ததேதான். ஆனால் அது தூரத்திலிருந்து வருவதுபோல் மங்கலாகவே கேட்டது. மேடையில் கொலம்பியாவின் ஒலிவாங்கியோடு, ஜாஸை வெளிநாடுகளுக்கு ஒலிபரப்பிய ‘அமெரிக்காவின் குரல்’ வானொலியின் ஒலிவாங்கியும் இருந்தது. கொன்சால்வெஸ் தவறுதலாக வானொலியின் ஒலிவாங்கியை நோக்கி வாசித்துவிட்டார். வானொலியின் ஒலிநாடா நாற்பது ஆண்டுகளின் பின், 1996இலேயே, காங்கிரஸ் நூலகத்தில் இனங்காணப்பட்டது. ஒருபுறம் கொலம்பியா நாடா, மறுபுறம் வானொலி நாடா என இரண்டையும் பொருத்தி, 1999இல் இரு இறுவட்டுகளாக முழுக் கச்சேரியும் வெளியிடப்பட்டது. ஒன்று மறந்துவிட்ட ஒலியை மற்றையது காத்து வைத்திருந்தது. அதைக் கேட்கையில், ஏழாவது எட்டாவது சுற்றளவில் சபையின் முணுமுணுப்பு ஆரவாரமாக மாறுவதையும், அந்த ஆரவாரத்துக்கு சக்ஸபோன் விடைகூறுவதையும் தெளிவாக உணரலாம். பழைய தட்டில் ஆரவாரமே முன்னின்றது. அதனை எழுப்பிய கலைஞன் பின்னால் நின்றான்.

1963இல் அமெரிக்க இராஜாங்கத் திணைக்களத்தின் அனுசரணையுடன் கீழைத்தேயங்களில் சுற்றுப்பயணம் செய்தபோது இக்குழு இலங்கைக்கும் வந்தது. கொன்சால்வெஸ் 1974 மே 15ஆம் திகதி இலண்டனில் காலமானார். நோயுற்றிருந்த எலிங்டனுக்கு அச்செய்தி தெரிவிக்கப்படவில்லை. ஒன்பது நாட்களின் பின் அவரும் மறைந்தார். இருபத்தேழு சுற்றுகளும் தெளிவாக ஒலிக்கும் அந்தப் பதிவை இருவருமே கேட்கவில்லை.