கூடுவாஞ்சேரிக் கணக்கு



"அண்ணே, மலருக்கு ஏதாச்சும் எழுதிக் குடுங்க. சிஎன்சி, டூல் ரூம்னு அறுக்காம ஏதாவது உருப்படியா எழுதுங்க!" என்று பேரவைத் தம்பி போனில் சொன்னான். உருப்படியாக எழுத எனக்குத் தெரிந்த விஷயம் ஒன்றுதான். மெட்ராசில் எங்கே குடியிருப்பது, எதில் ஏறி வேலைக்குப் போவது. இந்த ஒரு பாடத்தில் நான் இரண்டு தடவை அரியர் வைத்துத்தான் பாஸ் பண்ணினேன்.

2017 ஜூன் மாதம், கையில் டிப்ளமோ சர்டிபிகேட், தோளில் ஒரு பை. கோயம்பேட்டில் வந்து இறங்கினேன். (இப்போது நீங்கள் பஸ்ஸில் வந்தால் அவ்வளவு தூரம் உள்ளே வர முடியாது. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் நிலையம் திறந்தபிறகு தென் மாவட்டத்து பஸ்கள் அங்கேயே நம்மை இறக்கிவிட்டுவிடுகின்றன.) கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனியில் டர்னிங் செக்ஷன் வேலை. சம்பளம் ஒன்பதாயிரத்து ஐந்நூறு. அதில் மூவாயிரம் ஊருக்கு. தங்கச்சி அப்போது ப்ளஸ் டூ.

முதல் குடியிருப்பு திருவல்லிக்கேணி மேன்ஷன். சீனியர் அண்ணன் ஒருவர் சேர்த்துவிட்டார். ஒரு ரூமில் மூன்று கட்டில், நாலு ஆள், எண்ண முடியாத மூட்டைப்பூச்சி. மெஸ் சாப்பாடு நன்றாக இருக்கும், பீச் நடக்கிற தூரம். அதற்கு மேல் மேன்ஷனைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. தினமும் அண்ணா சாலை வழியாக பஸ்ஸில் கிண்டி. 2018 ஜனவரியில் பஸ் கட்டணத்தை ஏற்றினார்களே, ஞாபகம் இருக்கிறதா? தமிழ்நாடு முழுக்க மாணவர்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். எனக்கு உட்கார லீவு கிடைக்கவில்லை! ஆனால் அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இனிமேல் ரயில்தான் என்று. என்னைப் போலவே நிறையப் பேர் முடிவு செய்துவிட்டார்கள் என்பது மின்சார ரயிலில் ஏறியபோதுதான் தெரிந்தது.

ரயில்தான் என்றான பிறகு தண்டவாளத்தை ஒட்டி எங்கே வாடகை குறைவோ அங்கே போவதுதானே புத்திசாலித்தனம்? தாம்பரம் தாண்டி பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், அப்புறம் கூடுவாஞ்சேரி. தள்ளிப் போகப் போக வாடகை இறங்கிக்கொண்டே வரும். எங்கள் கம்பெனிப் பையன்கள் இரண்டு பேரோடு சேர்ந்து கூடுவாஞ்சேரியில் ஒரு வீடு பிடித்தோம். வாடகை ஆறாயிரம், ஆளுக்கு இரண்டாயிரம். புரோக்கர் அடித்துச் சொன்னார்: "சார், கிண்டி எவ்ளோ தூரம்? முக்கா மணி நேரம் சார்! காத்து வாங்கிட்டே போலாம்."

அவர் பொய் சொல்லவில்லை. ரயிலுக்குள் நான் இருக்கிற நேரம் முக்கால் மணிதான்.

லேத்தில் வேலை செய்தவர்களுக்கு இது உடனே புரியும். ஒரு ஜாப் எத்தனை நிமிஷம் என்று கேட்டால் டூல் வெட்டுகிற நேரத்தை மட்டுமா சொல்வோம்? ஜாப்பை மாட்டணும், சென்டர் பார்க்கணும், டூல் செட் பண்ணணும், கழட்டணும், அளக்கணும். புரோக்கர் எனக்குச் சொன்னது வெறும் கட்டிங் டைம்! வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோ, அது நிறைகிற வரை காத்திருப்பது எல்லாம் சேர்த்து இருபது நிமிஷம். வண்டிக்குக் காத்திருப்பது இருபது. கிண்டியில் கூட்டத்தோடு படியேறி இறங்கி பேட்டைக்கு நடப்பது இன்னொரு இருபது. ஆக ஒன்றே முக்கால் மணி நேரம். போக ஒன்றே முக்கால், வர ஒன்றே முக்கால்.

இன்னொன்றும் புரோக்கர் சொல்லாதது. மின்சார வண்டிகளில் பாதிக்கு மேல் தாம்பரத்தோடு நின்றுவிடும். செங்கல்பட்டு வண்டி வந்தால்தான் நமக்கு. பகலில் இது பெரிதாகத் தெரியாது. செகண்ட் ஷிஃப்ட் முடிந்து ராத்திரி பத்தரைக்கு வெளியே வந்தால் தெரியும். தாம்பரம் பிளாட்பாரத்தில் அடுத்த வண்டிக்கு நிற்பதா, ஜிஎஸ்டி ரோட்டுக்கு ஓடி ஷேர் ஆட்டோ பிடிப்பதா என்று தினமும் ஒரு பட்டிமன்றம். வீட்டுக்கு வந்தால் பன்னிரண்டு. யார் சமைப்பது? பரோட்டா. காலையிலும் சமைக்க நேரமில்லை. இட்லி கடை. ரயில்வே ஜே.இ. பரீட்சைக்குப் படிக்கலாம் என்று வாங்கிய புத்தகம் பையிலேயே கிடந்து மூலை மடங்கிப் போனது. "ரயில்லயே படிச்சிடலாம் மாப்ளே" என்று ரூம் மேட் சொல்வான். அந்தக் கூட்டத்தில் கையைத் தூக்கினால் திரும்ப இறக்க இடமிருக்காது. புத்தகத்தை எங்கே விரிப்பது?

ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் வாரங்களில் நான் படியில்தான் பயணம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உள்ளே இடமில்லாமல் தொங்கியது பாதி நாள். மீதி நாள் காற்றுக்காகவும், கொஞ்சம் ஸ்டைலுக்காகவும்.

2018 ஜூலை 24, செவ்வாய்க்கிழமை. எனக்கு அந்த வாரம் செகண்ட் ஷிஃப்ட். நடு ராத்திரி வந்து படுத்தவன் காலையில் தூங்கிக்கொண்டிருந்தேன். போன் அடித்துக்கொண்டே இருந்தது. அம்மா.

"ஏப்பா... எங்கப்பா இருக்க?"

"ரூம்லதாம்மா. தூங்குறேன்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம்தான் அம்மா அழுவது கேட்டது. டிவியைப் பார்த்திருக்கிறது. அன்று காலை கோடம்பாக்கம் பக்கம் மின்கம்பி அறுந்ததால், கடற்கரையிலிருந்து திருமால்பூர் போகும் மின்சார ரயிலை விரைவு வண்டிகள் போகிற பாதையில் விட்டிருக்கிறார்கள். பரங்கிமலை ஸ்டேஷனில் அந்தப் பாதையை ஒட்டி ஒரு கான்கிரீட் தடுப்புச் சுவர். படியில் தொங்கி வந்தவர்கள் அதில் மோதி விழுந்து இறந்தார்கள். என் வயசுப் பையன்கள்.

"நீ தொங்கிக்கிட்டா போற?"

"இல்லம்மா. உக்காந்துதான் போவேன்."

"நிசமா?"

"நிசமாம்மா."

நான் அம்மாவிடம் நிறையப் பொய் சொல்லியிருக்கிறேன். அரியரை மறைத்திருக்கிறேன், டூர் காசில் படம் பார்த்திருக்கிறேன். அந்தப் பொய் மட்டும் தொண்டையிலேயே நின்றுகொண்டது. அன்று மத்தியானம் கிண்டிக்குப் போகும்போது வண்டி பரங்கிமலையில் நின்றது. உட்கார இடம் இருந்தும் நான் உட்காரவில்லை. அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நோட்டை எடுத்து முதல் முறையாக ஒழுங்காகக் கணக்குப் போட்டேன். வாடகை 2,000. சீசன் டிக்கெட் இருநூறுக்குள், இதில் குறையே சொல்ல முடியாது. ஸ்டேஷன் ஷேர் ஆட்டோ 500. ராத்திரி தாம்பரத்திலிருந்து வருவது 400. சமைக்க முடியாமல் வெளியே கூடுதலாகத் தின்றது 1,800. எல்லாம் சேர்ந்து 4,900-ஐத் தொட்டது! இரண்டாயிரம் ரூபாய் வீட்டில் இருக்கிறேன் என்று ஆறு மாதமாக ஊரெல்லாம் பெருமை பேசிக்கொண்டிருந்தவன் நான்தான்.

கம்பெனியிலிருந்து சைக்கிள் தூரத்தில் ஆதம்பாக்கம். அங்கே இரண்டு பேர் சேர்ந்தால் ஆளுக்கு 3,800. அலைந்தோம். நாலு வீட்டில் "பேச்சிலருக்குக் கிடையாது" என்றார்கள். ஒரு வீட்டில் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டு, அப்புறம் எந்த ஊர் என்று கேட்டு, அப்புறம் அந்த ஊரில் எந்தத் தெரு என்றும் கேட்டார்கள். எதற்குத் தெரு என்று உங்களுக்கே தெரியும். வந்துவிட்டோம்.

ஐந்தாவது வீடு, ரிட்டயர்ட் டீச்சர் அம்மா. அட்வான்ஸ் பத்து மாதம் என்றார்கள். எங்களிடம் இருந்தது நாலு மாதத்துக்கு.

"மீதி தீபாவளி போனஸ்ல குடுத்துடுறோம்மா."

"ராத்திரி பத்து மணிக்கு மேல பைக் சத்தம் கேக்கக் கூடாது தம்பி."

"பைக்கே இல்லம்மா. சைக்கிள்தான்."

"சைக்கிளா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். சாவியைக் கொடுத்துவிட்டார்கள்.

இந்த அட்வான்ஸ் விஷயத்தில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. 2017-ல் போட்ட வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொண்டாலொழிய மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்ய வேண்டும். அந்த "வேறு மாதிரி" என்ற இடத்தில்தான் சென்னையின் பத்து மாதம் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. இருந்தாலும் சட்டத்தைச் சொல்லிப் பணிவாகப் பேசிப் பாருங்கள். பத்து ஐந்தாகலாம்.

சைக்கிளில் இருபது நிமிஷம். மழை பெய்தால் பரங்கிமலையில் ஏறி ஒரே ஸ்டேஷன், கிண்டி. ஒரு நாளைக்கு எனக்குத் திரும்பக் கிடைத்தது இரண்டு மணி ஐம்பது நிமிஷம். இருபத்தைந்து நாளுக்கு எழுபது மணி நேரம், கிட்டத்தட்ட ஒன்பது ஷிஃப்ட்! முதல் ஒரு மாதம் அந்த நேரம் முழுக்கத் தூங்கினேன். அப்புறம் சோறு வடிக்கக் கற்றுக்கொண்டேன். அப்புறம்தான் அந்த மூலை மடங்கிய புத்தகம். பரீட்சையில் தேறவில்லை, அது வேறு கதை. ஆனால் அதற்குப் போட்ட கணக்குகள் கம்பெனியில் புரோக்ராமிங் பக்கம் மாறுவதற்கு உதவின.

எல்லோருக்கும் ஆதம்பாக்கம்தான் சரி என்று சொல்ல மாட்டேன். எங்கள் குவாலிட்டி செக்ஷனில் ஒரு சகோதரி இருக்கிறார். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லையே, அதை வைத்தே வீடு தேடினார். ரயில் பக்கமே போகவில்லை. பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டு வாசல் வரைக்கும் தெரு விளக்கு எரிகிறதா என்று ராத்திரி ஒன்பது மணிக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுத்தார். எனக்கு அப்படிப் பார்க்கத் தோன்றியதே இல்லை. குடும்பத்தோடு இருப்பவர்களுக்குத் தண்ணீர், ஸ்கூல் என்று வேறு கணக்கு. பகல் ஷிஃப்ட் மட்டும் இருந்து, ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்தில் வீடும் கிடைத்தால் கூடுவாஞ்சேரி நல்ல ஊர்தான். என் ரூம் மேட் இன்னும் அங்கேதான் இருக்கிறான். 2025 ஏப்ரலில் செங்கல்பட்டு வரை ஏசி மின்சார ரயில் விட்டார்கள். "கதவு தானா மூடிக்குது மாப்ளே, தொங்கவே முடியாது!" என்று போனில் சொன்னான். டிக்கெட் விலைதான் அவனை மாதத்தில் நாலு நாளுக்கு மேல் அதில் ஏற விடுவதில்லை.

இப்போது எங்கள் கம்பெனி ஒரகடத்துக்கு மாறுகிறது. அங்கே ரயில் கிடையாது. தாம்பரத்திலிருந்து கம்பெனி பஸ் விடுவதாகச் சொல்கிறார்கள், எத்தனை மணிக்கு என்று இன்னும் சொல்லவில்லை. மறுபடியும் நோட்டை எடுத்திருக்கிறேன். மேற்குத் தாம்பரமா, படப்பையா? தங்கச்சியும் இங்கேயே வேலைக்கு வந்துவிட்டாள், அம்மாவும் வருகிறேன் என்கிறது. மூன்று பேருக்கு, மூன்று திசைக்கு ஒரே வீடு. வருகிற ஞாயிற்றுக்கிழமை படப்பைப் பக்கம் போய்ப் பார்க்கிறோம். ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் இருந்துவிட்டுத்தான் திரும்புவோம்.