‘‘இன்னாடா பேசுறான் அவன்?’’

ஆம்பூர்னு சொன்னதும் எல்லாரும் ‘பிரியாணி!’னு ஒரு சவுண்டு விடுவாங்க. ஆனா, எங்க வீட்டு சவுண்டே வேற. டி.வி-யில படம் ஆரம்பிச்சு அஞ்சாவது நிமிஷம் அப்பா கேட்பார்... ‘‘இன்னாடா பேசுறான் அவன்?’’

நான் ரிமோட்டை எடுத்து சத்தத்தைக் கூட்டுவேன். அடுத்த சீன்ல ஹீரோ நாலு பேரைத் தூக்கிப் போட்டு மிதிப்பார். ஓடு, ஜன்னல் எல்லாம் அதிரும். ‘‘கொறைடா... காது கிழியுது!’’னு அதே அப்பா கத்துவார். குறைச்சா, மறுபடியும் ‘‘இன்னாடா பேசுறான்?’’ இதை நானும் அம்மாவும் மிமிக்ரி பண்ணியே வருஷக்கணக்கா சிரிச்சிருக்கோம். அது சிரிக்கிற விஷயம் இல்லைனு எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரு சவுண்ட் கார்டு!

2011. நான் வேலூர்ல செகண்ட் இயர். அப்பா டேனரியில், தோலை ஒரே கனத்துக்குச் சீவுற ஷேவிங் மெஷின்ல ஆபரேட்டர். அம்மா ஷூ கம்பெனியில் தையல் செக்‌ஷன். பெங்களூர்ல வீடு காலி பண்ணின மாமா, ஒரு பழைய 5.1 ஸ்பீக்கர் செட்டை என் தலையில் கட்டினார். அஞ்சு குட்டிப் பொட்டி, ஒரு குண்டு சப்-ஊஃபர். தியேட்டரே வீட்டுக்கு வந்துடுச்சுனு ஒரே குஷி!

செட்டுக்குப் பின்னால் மூணு ஒயர் தொங்குச்சு. பச்சை, கறுப்பு, ஆரஞ்சு. என் லேப்டாப்பிலோ ஹெட்போனுக்கு இருந்தது ஒரே ஓட்டை. பச்சையை அதில் செருகினேன். முன்னாடி இருந்த ரெண்டு பொட்டி பாடுச்சு. மத்ததெல்லாம் கொலு பொம்மை மாதிரி சும்மா உட்கார்ந்திருந்துச்சு.

‘யு.எஸ்.பி-யில் மாட்டுற சவுண்ட் கார்டு வாங்கினா சரியாப் போயிடும்’னு க்ளாஸ்மேட் ஒருத்தன் சொன்னான். கட்டை விரல் சைஸ்ல ஒண்ணு, அட்டையில் பெருசா ‘7.1’னு போட்டிருந்துச்சு. 250 ரூபாய். கேட்டது 5.1, கிடைக்கப் போறது 7.1... லாபம்தானே பாஸ்! பத்து நாள் டீக்காசை மிச்சம் பிடிச்சு வாங்கி மாட்டினா... அதே ரெண்டு பொட்டி. அதே கொலு பொம்மைகள்.

அதை எடுத்துட்டுப் போய் எங்க கம்ப்யூட்டர் லேப் அண்ணன்கிட்ட காட்டினேன். அவர் அட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. ‘‘இதுல எத்தனை ஓட்டை இருக்கு?’’னு கேட்டார். ரெண்டு. ஒண்ணு மைக்குக்கு, ஒண்ணு ஹெட்போனுக்கு. ‘‘ஒரு ஓட்டை வழியா ரெண்டு சேனல்தான் போகும். உனக்கு வேண்டியது ஆறு. அப்போ எத்தனை ஓட்டை வேணும்?’’

மூணு. மூணாங் கிளாஸ் கணக்கு! அந்த ‘7.1’ங்கிறது, ஹெட்போன்ல சுத்திச் சுத்திக் கேட்கிற மாதிரி சாஃப்ட்வேர் காட்டுற ஜாலம். நிஜமா வெளியே வர்றது ரெண்டே சேனல்.

‘‘அட்டையைப் படிக்காதே... ஓட்டையை எண்ணு!’’ - அண்ணன் சொன்ன இந்த தத்துவத்தை இன்னிக்கு வரைக்கும் நான் மறக்கலை. அன்னிக்கு அவர் சொன்ன மத்த விஷயங்களும் உங்களுக்கு உதவும்.

பச்சை, முன்பக்க இடது - வலது. கறுப்பு, பின்பக்க இடது - வலது. ஆரஞ்சு, நடுவில் வைக்கிற சென்டரும் சப்-ஊஃபரும். இந்த மூணு ஓட்டையும் தனித்தனியா இருந்தாதான் நம்ம மாதிரி கம்ப்யூட்டர் ஸ்பீக்கருக்கு அது நிஜமான 5.1 கார்டு. சிலதுல சிவப்பு வெளிச்சம் வர்ற ஆப்டிகல் ஓட்டை இருக்கும். ஆம்ப்ளிஃபயர் ரிசீவர் வெச்சிருக்கிறவங்களுக்குத்தான் அது. அதிலும் சுருக்காத சத்தம்னா ரெண்டு சேனல்தான் போகும். ஆறும் போகணும்னா டால்பி டிஜிட்டல், டி.டி.எஸ். மாதிரி சுருக்கின வடிவத்தில்தான் போகும்.

‘‘யு.எஸ்.பி. ஒயர் ஆறு சேனலைத் தாங்குமாண்ணே?’’னு கேட்டேன். பேப்பரில் போட்டுக் காட்டினார். ஒரு சேனலுக்கு நொடிக்கு 48,000 சாம்பிள், ஒவ்வொண்ணும் 16 பிட், அப்படி ஆறு சேனல். மொத்தம் நொடிக்கு 4.6 மெகாபிட். பழைய யு.எஸ்.பி. 1.1-ன் வேகமே 12 மெகாபிட். தாராளமா தாங்கும்.

கடைசியா ஒண்ணு சொன்னார். மூலத்துல ஆறு சேனல் இருந்தாதான் ஆறு பொட்டியும் நிஜமா பேசும். சாதாரண எம்.பி.3 பாட்டு ரெண்டு சேனல்தான். அதை ஆறு பொட்டியில் விட்டா, அது சாம்பார்ல தண்ணி ஊத்துற வேலை. டி.வி.டி. கவர்ல ‘5.1’ இருக்கானு பாரு!

கிரியேட்டிவ் கம்பெனியோட சவுண்ட் பிளாஸ்டர் பொட்டி மேல ஆசைதான். பட்ஜெட்தான் முறைச்சுது. சி-மீடியா கம்பெனியின் 6206 சிப் போட்ட, பேர் தெரியாத பொட்டி ஒண்ணு போதும்னார் அண்ணன். ஆயிரத்துச் சொச்சம். தீபாவளி போனஸ்ல இருந்து அம்மா எடுத்துக் கொடுத்தாங்க. புடவைக்கு வெச்சிருந்த காசுனு பிறகுதான் தெரிஞ்சுது. விடிகாலை ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடிச்சு சென்னை, ரிச்சி ஸ்ட்ரீட். கடைக்காரரை பேசவே விடலை. கவரைப் பிரிச்சு முதல்ல ஓட்டையை எண்ணினேன்!

வீட்டுக்கு வந்தா பவர்கட். அந்த வருஷம் மின்வெட்டு எப்படி இருந்துச்சுனு உங்க வீட்டுப் பெரியவங்களைக் கேளுங்க. ராத்திரி கரன்ட் வந்ததும் மூணு ஒயரையும் கலர் பார்த்துச் செருகி, விண்டோஸ்ல ‘5.1’னு மாத்தி, டி.வி.டி-யைப் போட்டேன். பின்னாடி மழை, முன்னாடி கார்... சூப்பர்! ஆனா, ஹீரோயின் பானைக்குள்ள தலையை விட்டுப் பேசுற மாதிரி பேசுறாங்க. வசனம் எல்லாம் சப்-ஊஃபர்ல வருது! நொந்துபோய் அண்ணனுக்கு போன் போட்டேன். சில கார்டுகள்ல சென்டரும் சப்-ஊஃபரும் இடம் மாறி வருமாம். டிரைவர்ல ‘ஸ்வாப்’னு ஒரு கட்டம். அதில் டிக் அடிச்சேன். நடுப் பொட்டி வாயைத் திறந்துச்சு.

அப்பா வேலை முடிஞ்சு வந்து, லுங்கி மாத்திக்கிட்டு உட்கார்ந்தார். அஞ்சு நிமிஷம்... பத்து நிமிஷம்... கேள்வியே வரலை. காமெடி சீன்ல எங்களுக்கு முன்னாடி அவர் சிரிச்சார். அம்மா என்னைப் பார்த்தாங்க, நான் அம்மாவைப் பார்த்தேன்.

காரணம் ரொம்ப சிம்பிள். 5.1 படத்துல பெரும்பாலும் வசனம் நடுப் பொட்டிக்குப் போயிடும். இசையும் அடிதடியும் முக்கால்வாசி மத்த பொட்டிகளுக்கு. ரெண்டு பொட்டியில் எல்லாத்தையும் திணிச்சா வசனம் அதுக்குள்ள மூழ்கிடும். சத்தத்தைக் கூட்டினா அடிதடியும் சேர்ந்து கூடும். ஆறும் தனித்தனியா வந்தா, நடுப் பொட்டியை மட்டும் கூட்டிக்கலாம். கூட்டினேன். அப்பா படம் முழுக்கப் பார்த்தார்.

அப்போதான் எனக்கு சுருக்குனு தைச்சுது. எங்களுக்கு ரெண்டு பொட்டியிலேயே புரிஞ்ச வசனம் அவருக்கு மட்டும் ஏன் புரியலை?

அடுத்த வாரம் வேலூர்ல காது டெஸ்ட். கிராஃப் பேப்பர்ல கோடு ஒழுங்கா வந்து, 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்துல குழியில் விழுந்த மாதிரி இறங்குச்சு. வருஷக்கணக்கா மெஷின் சத்தத்துல நிற்கிறவங்களுக்கு முதல்ல போறது அந்த இடம்தானாம். ‘ஆ’, ‘ஓ’ எல்லாம் கேட்கும். ‘ச’, ‘ஸ’, ‘ஷ’ எல்லாம் கரைஞ்சுடும். சத்தம் கேட்கும், வார்த்தை புரியாது. அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு சொல்ற அளவு, 85 டெசிபல்ல ஒரு நாளைக்கு 8 மணி நேரம். 3 டெசிபல் கூடினா நேரம் பாதி. 88 டெசிபல்னா 4 மணி நேரம்தான்.

‘‘போனது திரும்ப வராது. இருக்கிறதைக் காப்பாத்திக்கலாம்’’னார் டாக்டர். அப்பா வெளியே வந்து, ‘‘இவ்ளோ நாளு நீங்கதான் மெதுவா பேசுறீங்கனு நெனச்சேன்டா’’னார். அதுவரைக்கும் நான் பண்ணின மிமிக்ரி எல்லாம் ஞாபகம் வந்து, பஸ்ல நான் வாயே திறக்கலை.

அதுக்கப்புறம் காதை மூடுற மஃப் போட்டுக்கிட்டுதான் மெஷின்ல நின்னார். ‘‘இன்னா மேஸ்திரி, பாட்டு கேட்டுக்கினே வேலை செய்றியா?’’னு கூட இருந்தவங்க ஓட்டினாங்களாம். ‘‘ஆமா, எம்புள்ள போட்டுக் குடுத்தது’’னாராம்.

ஃப்ரெண்ட்ஸ், இப்போ எச்.டி.எம்.ஐ. வந்துடுச்சு, ஆனா அட்டைப்பெட்டி புளுகு இன்னும் போகலை. ஓட்டையை எண்ணுங்க. அப்படியே உங்க வீட்டுல யாராவது ‘என்ன சொன்னே?’னு அடிக்கடி கேட்டா, சிரிக்காதீங்க. ஒரு டெஸ்டுக்குக் கூட்டிட்டுப் போங்க.

அப்பா இப்போ ரிட்டயர்டு. மாமாவோட அந்தப் பழைய செட் இன்னும் ஓடுது. படம் போட்டா இப்பவும் அஞ்சாவது நிமிஷம் குரல் கொடுப்பார்... ‘‘டேய், அந்த நடுப் பொட்டியைக் கொஞ்சம் ஏத்துடா!’’