நான் அழிக்கச் சொன்ன 150 ஹெர்ட்ஸ்

கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் டிஜிட்டல் சிக்னல் பிராசசிங் நடத்துகிறேன். சுருக்கமாக டி.எஸ்.பி. ‘அந்த சார் போர்டுல எழுதிப் போட்டுட்டுப் போக மாட்டார், கையால செய்ய வைப்பார்’ என்று பிள்ளைகளிடம் எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரில் பாதி பொய். மீதிப் பாதியும் ஒரு பையனுக்கு நான் செய்த தவறிலிருந்து வந்தது.

எங்கள் லேபில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டி.எம்.எஸ்.320சி6713 போர்டுகள் இருக்கின்றன. 225 மெகாஹெர்ட்ஸில் ஓடக்கூடியவை. அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் ஈ.சி.ஈ. படித்தவர்கள் பலரும் இந்தப் போர்டைப் பார்த்திருப்பார்கள். ‘தொட்டிருப்பார்கள்’ என்று எழுத வந்து நிறுத்திக்கொண்டேன். எங்களிடம் அவை பெரும்பாலும் பீரோவுக்குள்தான் இருந்தன. இன்ஸ்பெக்‌ஷன் என்றால் துடைத்து வெளியே வைப்போம். மற்ற நாட்களில் மேட்லேப்தான். மேனுவலில் இருக்கும் புரோகிராமைப் பார்த்து டைப் செய்து, வரும் படத்தை ரெக்கார்டில் ஒட்டி, ‘தஸ் த’ என்று ஆரம்பிக்கும் அந்த ரிசல்ட் வரியை எழுதினால் கையெழுத்து.

போர்டு கெட்டுப்போய்விடும், ஆடிட்டுக்கு யார் பதில் சொல்வது என்று காரணம் சொல்வேன். நிஜமான காரணம் பயம். வயரை மாட்டிய பிறகு ஒன்றும் வரவில்லை என்றால், ஏன் வரவில்லை என்று எனக்குச் சொல்லத் தெரியாது. என் எம்.இ. தீசிஸ் முழுக்க சிமுலேஷன். அங்கே சாம்பிளிங் ரேட் என்பது நாம் முதல் வரியில் எழுதும் ஓர் எண். 1000 என்று எழுதினால் 1000தான். எதிர்த்துப் பேச யாரும் இல்லை.

எங்கள் பிள்ளைகளில் நிறையப் பேருக்கு அப்பா சிப்காட்டில் ஷிப்ட் வேலை. அப்படி ஒரு பையன், கடைசி வருட ப்ராஜெக்டுக்கு, அப்பா வேலை பார்க்கும் ரீ-ரோலிங் மில்லில் ஒரு கூலிங் வாட்டர் பம்ப் மோட்டாரைத் தேர்ந்தெடுத்தான். அதில் ஆட்டம் இருக்கிறது என்று அங்கே இருந்த ஃபிட்டர் சொல்லிக்கொண்டிருந்தாராம். அவருடைய கருவி ஒரு நீள ஸ்க்ரூடிரைவர். நுனியை பேரிங் கவரில் ஊன்றி, பிடியைக் காதோடு வைத்துக் கேட்பார். அதையே ஆர்டுயினோ ஊனோவையும் எம்.பி.யூ.6050 சென்சாரையும் வைத்துச் செய்கிறேன் என்றான். நல்ல யோசனை. நானும் தட்டிக்கொடுத்தேன்.

ஒரு நாள் ஸ்டாஃப் ரூமுக்கு லேப்டாப்போடு வந்தான். எஃப்.எஃப்.டி. எடுத்த படம். 150 ஹெர்ட்ஸில் நெட்டுக்குத்தாக ஒரு பீக். 375 பக்கம் சின்ன மேடு ஒன்று. மற்றபடி தரை.

“மோட்டார் என்ன ஸ்பீடுப்பா?”

“நேம் பிளேட்ல 1440 ஆர்.பி.எம். சார். அப்படின்னா 24 ஹெர்ட்ஸ்ல வரணும். அங்க ஒண்ணுமே இல்லையே சார். ஏன் சார்?”

அந்த ஒரு கேள்விக்கே அவனுக்கு முழு மார்க் போட்டிருக்க வேண்டும். எனக்குப் பதில் தெரியவில்லை. பக்கத்து மேஜையில் இரண்டு பேர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“150ன்னா 50ஓட மூணாவது ஹார்மோனிக். சுத்தி இவ்வளவு ஃபர்னஸ் ஓடுதுல்ல, கரண்ட்லேர்ந்து வர்ற நாய்ஸ். ஒரு நாட்ச் ஃபில்டர் போட்டுத் தூக்கிடு” என்றேன்.

சொன்னபோது எனக்கே பிடித்திருந்தது. உள்ளூர் விஷயம், பாட விஷயம் இரண்டும் ஒரே வாக்கியத்தில். இண்டக்‌ஷன் ஃபர்னஸ்களின் ரெக்டிஃபையரால் லைனில் ஹார்மோனிக் ஏறுவது உண்மைதான். ஆனால் ஆறு பல்ஸ் ரெக்டிஃபையர் ஏற்றுவது ஐந்தாவதும் ஏழாவதும். அதாவது 250, 350. மூன்றின் மடங்குகள் அதில் இயல்பாக வராது. இதை வகுப்பில் சொல்பவனும் நான்தான். போதாததற்கு அந்த சென்சார் அளவை எண்ணாக மாற்றித்தான் கம்பியில் அனுப்புகிறது. கரண்ட் நாய்ஸ் அதில் இவ்வளவு சுத்தமான பீக்காக ஏறி உட்காராது.

பையன் சொன்னபடி செய்தான். பீக் காணாமல் போனது. ‘நாய்ஸ் நீக்கப்பட்டது, மோட்டார் நல்ல நிலையில் உள்ளது’ என்று ரிப்போர்ட் எழுதினான். கையெழுத்துப் போட்டேன். வைவாவில் எக்ஸ்டர்னல் பாராட்டினார். துறையின் ப்ராஜெக்ட் கண்காட்சிக்கும் அதை அனுப்புவது என்று முடிவாயிற்று.

கண்காட்சிக்கு முந்தைய வாரம், ஜூனியர்களுக்குக் காட்டலாம் என்று அதே சர்க்யூட்டை லேபில் ஓடவிட்டேன். சீரியல் மானிட்டரில் 0.97, 1.03 என்று எண்கள் ஓடின. விநாடிக்கு ஆயிரம் சாம்பிள் என்று அவன் புரோகிராமில் குறித்திருந்தான். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மில்லிசெகண்ட் டிலே. ஆயிரம் வரி வருவதற்கு ஆறு விநாடிக்கு மேல் ஆனது.

காரணம் வெட்கப்படும் அளவுக்கு எளிது. சீரியல் வேகம் 9600 பாட். ஒரு எழுத்துக்குப் பத்து பிட். ஆக விநாடிக்கு 960 எழுத்து. ஒரு வரியில் எண்ணுக்கு நான்கு எழுத்து, வரி முடிவுக்கு இரண்டு, மொத்தம் ஆறு. 960ஐ ஆறால் வகுத்தால் 160. கம்பி விநாடிக்கு 160 வரிக்கு மேல் கொண்டுபோகாது. பஃபர் நிரம்பியதும் ஆர்டுயினோ அதற்காகக் காத்து நிற்கும். ஆயிரம் என்று நாங்கள் நினைத்த சாம்பிளிங் ரேட் உண்மையில் 160.

ஆயிரத்தை 160ஆல் வகுத்து 24ஆல் பெருக்கிப் பாருங்கள். சரியாக 150.

அந்த பீக்தான் மோட்டார். 24 ஹெர்ட்ஸில் இல்லையே என்று அவன் தேடிக்கொண்டிருந்தது அங்கேதான் நின்றிருந்தது, தப்பான அச்சில். 375இல் இருந்த மேடும் புரிந்தது. மோட்டாரின் காந்த அதிர்வு சப்ளையைப் போல இரு மடங்கு, 100 ஹெர்ட்ஸ். 160இல் சாம்பிள் எடுத்தால் 80க்கு மேல் எதையும் உள்ளபடி பிடிக்க முடியாது. 1928இல் நைக்விஸ்ட் தொட்டு, 1949இல் ஷானன் தெளிவாக எழுதிவைத்த விதி அது. 100 மடங்கி 60 ஆகிறது. அந்த 60தான் தப்பான அச்சில் 375. ஏலியாசிங். ஒவ்வொரு செமஸ்டரும் நான் வரைந்து காட்டுவது. நேரில் வந்து நின்றபோது அடையாளம் தெரியவில்லை.

இன்னொன்று இதைவிட மோசம். சுழலும் வேகத்திலேயே பெரிய பீக் இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பேலன்ஸை. பம்பின் இம்பெல்லர் ஒரு பக்கமாகத் தேய்ந்தாலும் அது அப்படித்தான் காட்டும். ஃபில்டருக்கு ஹெர்ட்ஸ் தெரியாது. சாம்பிளிங் ரேட்டில் எத்தனையில் ஒரு பங்கு என்பதுதான் தெரியும். நான் போடச் சொன்ன நாட்ச் கரண்ட் நாய்ஸை வெட்டவில்லை. ஃபிட்டர் காதால் கேட்ட ஆட்டத்தைத்தான் வெட்டி எறிந்தது.

இதுவரை சொன்னது அறியாமை. அதற்கு மன்னிப்பு உண்டு என்று நினைக்கிறேன். கண்காட்சிக்கு ஒரு வாரம் இருந்தது. பையனைக் கூப்பிட்டு, “பாட் ரேட்டை 115200 ஆக்கி, சாம்பிளைக் குறித்த நேரத்துக்கு எடுத்து மறுபடி ஓட்டு” என்று சொல்லியிருந்தால் போதும். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால் அதைவிட நல்ல ப்ராஜெக்ட் அந்த ஹாலில் இருந்திருக்காது. நான் சொல்லவில்லை. ஃபில்டர் யார் யோசனை என்று அவன் நினைவில் இருக்கும் என்பதுதான் காரணம். முதல் பரிசு கிடைத்தது. மேடையில் எனக்கும் ஒரு சால்வை.

மில்லில் அந்தப் படத்தைக் காட்டினானாம். ஃபிட்டர் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா எனக்குக் கேக்குதே” என்றாராம். அடுத்த ஷட்டவுனில் அவர் பாட்டுக்கு இம்பெல்லரைக் கழற்றி மாற்றியிருக்கிறார். பையன் இதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னான்: “பழைய ஆளுங்க சார், டேட்டாவ நம்ப மாட்டாங்க.” நானும் சேர்ந்து சிரித்தேன்.

இப்போது என் லேபில் முதல் வேலை, சாம்பிளிங் ரேட்டை அளப்பது. சுற்றுக்கு ஒருமுறை ஒரு பின்னை மாற்றி மாற்றிப் போட்டு, ஆசிலாஸ்கோப்பில் பார்க்க வேண்டும். திரையில் 80 ஹெர்ட்ஸ் சதுர அலை தெரிந்தால் உன் ரேட் 160. அதன் பிறகுதான் எஃப்.எஃப்.டி. பீரோ பூட்டுவதில்லை. வயரை மாட்டி ஒன்றும் வராத நாட்களில், எனக்கும் தெரியவில்லை என்று சொல்லப் பழகிவிட்டேன். கையால செய்ய வைப்பார் என்ற பெயரின் மீதிப் பாதி இதிலிருந்து வந்ததுதான். எங்கிருந்து கற்றேன் என்று பிள்ளைகளிடம் சொன்னதில்லை. அந்தப் பையனிடமும் சொன்னதில்லை.

சிறந்த ப்ராஜெக்டுகளுக்கான எங்கள் துறைக் கோப்பில் அந்த ரிப்போர்ட் இருந்தது. போன தடவை ஆய்வுக்குழு வருவதற்கு முன் அதை எடுத்துவிடச் சொன்னேன். முதல் பரிசு வாங்கியதாயிற்றே, ஏன் என்று கேட்டார்கள். பக்கம் அதிகமாகிறது என்றேன்.