கதவு எண் இல்லாத ஆபீஸ்

நாவலூர், பழைய மகாபலிபுரம் சாலை. எதிர்ப்பக்கம் கண்ணாடிக் கட்டடங்களில் மென்பொருள் கம்பெனிகள். இந்தப் பக்கம் தகர வேலி. உள்ளே இருபது அடி கன்டெய்னர். அதுதான் சைட் ஆபீஸ்.

சாலையோரம் ஃபைபர் கேபிள் போகிறது. சைட்டுக்குக் கதவு எண் இல்லை. கேபிள் உள்ளே வரவில்லை. கன்டெய்னர் கூரையில் ஒரு சவுக்குக் கம்பு. உச்சியில் கட்டுக்கம்பி சுற்றிய ரவுட்டர், அதற்கு மேல் கவிழ்த்த பெயின்ட் வாளி. ரவுட்டரில் இரண்டு சிம், இரண்டு கம்பெனி. ஒன்று படுத்தால் இன்னொன்று எழுகிறது.

வைஃபைக்கு முந்தைய சைட்டின் பெயர். பாஸ்வேர்டு கதவின் உட்பக்கம், மார்க்கரில்.

சர்வர் கிடையாது. டிராயிங், பில், வருகைப்பதிவு எல்லாம் கிளவுடில். கன்டெய்னரின் நான்கு மூலையிலும் கிரேன் கொக்கிக்குத் துளை. காலி செய்ய ஒரு டிரெய்லர் போதும்.

டிராயிங்குக்குத் திரையில் நான்கு நிலை, ஐஎஸ்ஓ 19650 வகுத்தபடி: தயாராகிறது, பகிரப்பட்டது, வெளியிடப்பட்டது, காப்பகம். இரண்டாவது மாடியில் கம்பி கட்டுமிடத்தில், போன மாதத்து ஆர்2 பிரின்ட் ஒரு செங்கல்லுக்கு அடியில் படபடக்கிறது.

புதிய திருத்தம் ஆர்3 இறங்குகிறது. இளம் இன்ஜினியர் டேப்லெட்டைத் தலைக்கு மேல் தூக்குகிறார். இரண்டடி தள்ளி நிற்கிறார். மறுபடி தூக்குகிறார்.

கீழே ரெடிமிக்ஸ் லாரி. சீட்டில் ஏற்றிய நேரம் 10.40. ஐஎஸ் 4926 தரும் கெடு இரண்டு மணி நேரம். டிரைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். லாரியில் டிரம் சுற்றுகிறது. திரையில் வட்டம் சுற்றுகிறது.

திறக்கிறது. பீமில் ஒரு கம்பி கூடுதல். இன்ஜினியர் பென்சிலை வாங்கி, சென்ட்ரிங் பலகையில் எழுதுகிறார்: 5 – 20 எம்எம்.

"காலையிலயே சொல்லியிருந்தா கட்டியிருப்போமே சார்," என்கிறார் மேஸ்திரி. கட்டுகிறார்கள்.

கான்கிரீட் இறங்குகிறது. ஆறு கியூப் வார்க்கிறார்கள், பக்கம் 15 செ.மீ. மூன்று 7ஆம் நாள் உடையும், மூன்று 28ஆம் நாள். டேப்லெட் இரண்டு தேதியையும் குறித்துக்கொள்கிறது. ஹெல்பர் ஈரக் கான்கிரீட்டில் ஆணியால் தேதி கீறுகிறார்.

மாலை ஆறு மணி. கேட்டருகே கைரேகை மெஷின். விரல் பதிந்தால் ஒரு பெண்குரல் "தேங்க் யூ" என்கிறது.

ஒடிசாக்காரர் ஒருவர் கட்டைவிரலை வைக்கிறார். "ப்ளீஸ் ட்ரை அகெய்ன்." சட்டையில் துடைத்து வைக்கிறார். "ப்ளீஸ் ட்ரை அகெய்ன்." சிமென்ட் தின்ற விரல், ரேகை தேய்ந்து வழுவழுவென்றிருக்கிறது. டைம் கீப்பர் நீள நோட்டில் பெயர் எழுதுகிறார்.

திரையில் 84. நோட்டில் 91.

ஹெட் ஆபீஸிலிருந்து போன். டைம் கீப்பர் எழுந்து நின்று பேசுகிறார். "சரிங்க சார். சிஸ்டத்துல இருக்கறதுதான் கணக்கு. சரிங்க சார்." நோட்டை மூடுகிறார்.

தண்ணீர் டிரம் அருகே ஏழு பேர் வரிசை. சோப்பு ஒன்று. முதல் ஆள் தேய்த்துக் கழுவி, ஊதிக் காயவைத்து, விரலை வைக்கிறார்.

"தேங்க் யூ."

திரையில் 85. சோப்பு அடுத்த கைக்குப் போகிறது.