கடலைத் தொலைத்த ஊர்

ஆம்ஸ்டர்டாமில் ரயிலேறினால் ஒரு மணி நேரம். முட்டைக்கோசு வயல்கள், பருவம் வாய்த்தால் துலிப் வயல்கள், அப்புறம் தண்டவாளமே முடிந்துவிடுகிறது. நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே படகுத்துறையும் தண்ணீரும்தான். ஊரின் பெயர் என்க்ஹாய்சன்.

நெதர்லாந்து போகும் நம்மவர்கள் காற்றாலைகளுக்கு ஸான்ஸ ஸ்கான்ஸ், மரச்செருப்புப் படத்துக்கு ஃபோலண்டாம் என்று ஒரே பகலில் பேருந்தில் போய்த் திரும்பிவிடுவது வழக்கம். அந்த இரண்டு ஊர்களையும் நானும் பார்த்தேன். எனக்கு நினைவில் நிற்பவை கடைகள்தான். என்க்ஹாய்சனில் கடைத்தெரு சின்னது. ஊர் பெரிது. உண்மையில், இருக்கும் மக்களுக்கு மிஞ்சிய பெரிது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே 20,000 பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். இன்று அந்த அளவுகூட இல்லை. வளர்ந்துகொண்டே போகப்போகிறோம் என்று நம்பி அகழியையும் மதிலையும் தள்ளிக் கட்டினார்கள். வளர்ச்சி நின்றுபோனது. மதிலுக்குள் மிஞ்சிய இடத்தில் உழவர்கள் மாடு கட்டினார்கள். 'உழவர் மூலை' என்றே ஒரு பகுதிக்குப் பெயர். அங்கே இன்றும் நகர வீதிகளுக்கு நடுவே பண்ணை வீடுகளைப் பார்க்கலாம். பழைய கட்டடத்தை இடித்துப் புதிது கட்டப் பணம் வேண்டுமே! பணம் போன ஊர்களில்தான் பழமை தங்குகிறது. சுற்றுலாக் கையேடுகள் இதைப் 'பாரம்பரியத்தைப் பேணிக்காத்த நகரம்' என்று நாகரிகமாக எழுதுகின்றன.

துறைமுக வாயிலில் நிற்பது ட்ரொம்மெடாரிஸ் கோபுரம். 1540இல் காவலுக்காகக் கட்டியது, பிறகு சிறைச்சாலை, இப்போது உணவகமும் நிகழ்ச்சி அரங்கும். மணிக்கூண்டிலிருந்து அவ்வப்போது ஒரு மெட்டு இறங்கி வருகிறது. கீழே பழுப்புப் பாய் கட்டிய பழங்காலப் படகுகள் நெருக்கியடித்து நிற்கின்றன. காட்சிக்கு நிறுத்தியவை என்று நினைக்க வேண்டாம். பயணிகளை ஏற்றிக்கொண்டு இன்னும் ஓடுபவை. பாய்மரக் கப்பல் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பள்ளியும் ஊரில் இருக்கிறது. நகரச் சின்னத்தில் மூன்று ஹெர்ரிங் மீன்கள், அவற்றின் தலையில் கிரீடம். ஒரு காலத்தில் இந்த ஊருக்குச் சோறு போட்ட மீன் அது.

மீனுக்கு அடுத்து வந்தது மிளகு. அந்தக் கதையில்தான் நம்முடைய கரையும் வருகிறது. யான் ஹைகன் ஃபான் லின்ஸ்கோட்டன் இந்த ஊரில் வளர்ந்தவர். பிழைப்புத் தேடி இளவயதில் ஸ்பெயினுக்குப் போய், 1583இல் கோவாவில் போர்த்துக்கீசியப் பேராயருக்குச் செயலராகச் சேர்ந்தார். எசமானர்களின் கடிதங்களோடு எசமானர்களின் கடல்வழிகளையும் எழுதி வைத்துக்கொண்டார். எந்த மாதம் எந்தக் காற்று, எங்கே மணல்திட்டு, எந்தத் துறையில் என்ன சரக்கு எல்லாம் குறிப்பில் ஏறின. 1592இல் ஊர் திரும்பினார். ஊர் மருத்துவர் பலுடானஸ் விலங்கு, விதை, சங்கு, கல் என்று அபூர்வப் பொருள்களைச் சேர்த்து வைத்திருந்தவர்; லின்ஸ்கோட்டனின் நூலுக்குக் குறிப்புகள் எழுதிக்கொடுத்தார். 1596இல் 'இட்டினராரியோ' வெளிவந்தது. கோவாவும் மலபாரும் மட்டுமல்ல, சோழமண்டலக் கரைக்கும் அதில் தனி அத்தியாயம் உண்டு. போர்த்துக்கீசியர் ஒரு நூற்றாண்டாகப் பொத்தி வைத்த வழி, காசு கொடுத்தவருக்கெல்லாம் அச்சில் கிடைத்தது.

1602இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியபோது அதன் ஆறு கிளைகளில் ஒன்று இங்கே அமைந்தது. 1613இல் பழவேற்காட்டில் ஒல்லாந்தரின் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. 1658இல் நாகப்பட்டினம் அவர்கள் கைக்குப் போனது. நம் நெசவாளர்களின் துணியை வாங்கிப்போய்க் கிழக்குத் தீவுகளில் கொடுத்துச் சாதிக்காய், கிராம்பு வாங்குவது அவர்களுடைய கணக்கு. துணியோடு பழவேற்காட்டிலிருந்து அடிமைகளாகக் கப்பலேறிய மனிதர்களும் உண்டு.

அந்தப் பணம் வந்து சேர்ந்த முகவரிகளில் ஒன்று 'மிளகு வீடு'. 1625இல் ஒரு வணிகர் கட்டியது, பிற்பாடு கம்பெனியின் கிடங்கு. முகப்பில் ஒரு மீன்பிடிக் கப்பலைச் செதுக்கி, லாபத்துக்கு முன்னால் செலவு வரும் என்ற பொருளில் ஒரு வாசகம் வெட்டியிருக்கிறார்கள். யாருடைய செலவு என்று அதில் இல்லை. பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகளைப் பார்த்தவர்கள் இந்த வீட்டின் எதிரே கொஞ்ச நேரம் நிற்பார்கள். நான் நின்றேன்.

மிளகு வீடு இன்று ஸாய்டர்ஸே அருங்காட்சியகத்தின் உள்ளரங்கம். ஸாய்டர்ஸே என்றொரு கடல் இப்போது வரைபடத்தில் கிடையாது. 1916 சனவரியில் பெருவெள்ளம் கரைகளை உடைத்தது. முதல் உலகப்போர் உணவுப் பஞ்சத்தைக் காட்டியது. பொறியாளர் கொர்னேலிஸ் லேலி நெடுநாளாக வலியுறுத்திய, கடலை அடைத்து நிலமெடுக்கும் திட்டத்துக்கு 1918இல் சட்டம் இயற்றினார்கள். 32 கிலோமீட்டர் அணை 1932 மே 28 அன்று கடலின் வாயை மூடியது. உப்புநீர் மெல்ல நன்னீராகி ஐசல்மேர் என்ற ஏரியானது. ஹெர்ரிங்கும் நெத்தலியும் போய்விட்டன. விலாங்கு மட்டும் தங்கியது. தொழில் போன மீனவ ஊர்களின் வீடுகளைக் கழற்றிக் கொண்டுவந்து இங்கே நட்டிருக்கும் திறந்தவெளிப் பகுதி 1983இல் திறந்தது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை பார்க்கலாம்; நிலையத்தின் அருகிலிருந்து படகில் போவதுதான் சரியான வழி.

பொம்மை ஊராக இருக்கும் என்ற சந்தேகத்தோடுதான் போனேன். வீடுகள் பொய்யில்லை. உர்க் தீவின் மீனவர் வீடுகளில் குனிந்துதான் நுழைய வேண்டும், படுக்கை, சுவரலமாரிக்குள். நீராவிச் சலவைக்கூடத்தில் சோடா நெடி. தண்ணீரில் மிதவையேற்றி முழுசாகக் கொண்டுவந்த சுண்ணாம்புக் காளவாய்கள். பழைய உடுப்பில் மீனவப் பெண்ணாக நடிக்கும் பணியாளர்கள் எனக்கு ஒத்துவரவில்லை; ஆனால் என்னோடு வந்த குழந்தைகள் அவர்களை விட்டு நகர மறுத்தார்கள். புகைக்கூடத்தில் பொன்னிறமாகத் தொங்கிய ஹெர்ரிங்கைச் சுடச்சுடத் தாளில் வைத்துக் கொடுத்தார்கள். நெத்திலிக் கருவாட்டில் பழகிய நாக்குக்கு உப்புப் போதவில்லை, புகைமணம் போதும். "இதெல்லாம் எங்கே பிடித்தது?" என்றேன். "வடகடல். இங்கே எங்கே இருக்கு?" என்று சிரித்துக்கொண்டே மீதிச் சில்லறையைக் கொடுத்தார் விற்றவர்.

நேரமிருந்தால் தெற்குத் தேவாலயத்தின் மரக்கூரை ஓவியங்கள், மேற்குத் தேவாலயத்தை ஒட்டாமல் தனியே நிற்கும் மரமணிக்கூண்டு, புட்டிக்குள் கப்பல்கள் நிறைந்த சின்ன அருங்காட்சியகம். நேரமில்லாவிட்டால் பெரிய இழப்பில்லை. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கி இன்றும் ஆண்டுதோறும் வரும் என்க்ஹாய்சன் பஞ்சாங்கத்தை மட்டும் கடையில் புரட்டிப் பாருங்கள்.

கிழக்கே ஏரியின் குறுக்காக லெலிஸ்டாட் வரை இன்னோர் அணைச்சாலை போகிறது. 1975இல் முடிந்தது. அதன் தென்புறத் தண்ணீரையும் வற்றவைத்து நிலமாக்குவதாக இருந்தார்கள். எதிர்ப்பு வலுத்தது, திட்டம் கைவிடப்பட்டது. வற்றவைத்திருந்தால் இந்த ஊருக்கு ஏரியும் பாதிதான் மிஞ்சியிருக்கும். அணையைத் தாண்டப் படகுகளுக்கு 2003இல் ஒரு நீர்ப்பாலம் கட்டினார்கள்: மேலே மதகுத் தொட்டியில் பாய்மரங்கள், அடியில் கார்கள். அருங்காட்சியகம் அலுத்துப்போன குழந்தைகளை அங்கே கூட்டிப்போகலாம். பெரியவர்களும் காருக்கு மேல் கப்பல் போவதைப் பார்த்துக் கைதட்டுகிறார்கள்.